ஆறு ஃபேன் அன்பளிப்பு

பவுல்சாமி ஒரு காரியத்தைக் கையில் எடுத்திருக்கிறார் என்று தெரிந்தால் சின்னக் கோவிலில் பாதிப் பேர் ஜெபம் சொல்வார்கள். மீதிப் பேர் அந்த ஞாயிறு ஊரில் இருக்க மாட்டார்கள். மர்சலினுக்கு இரண்டு வழியும் அடைபட்டிருந்தது. அவள் பாடகர் குழுவை நடத்துபவள். பவுல்சாமி கையில் எடுத்த காரியமோ, பாடகர் குழுவுக்கு இரண்டடி தள்ளி ஒரு மேஜைமேல் உட்கார்ந்து மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

அது ஒரு கம்ப்யூட்டர். சாந்தோம் பெரிய கோவிலுக்கு நாலு தெரு தள்ளி இருப்பதால் சின்னக் கோவில் என்று பெயர் வாங்கிய அந்தக் கோவிலின் ஞாயிறு எட்டு மணிப் பூசையை யூடியூபில் நேரலையாக அனுப்புவது அதன் வேலை. குவைத்திலும் தோஹாவிலும் இருக்கிற பங்கு மக்களுக்காக என்று ஆரம்பித்தார்கள். இப்போது அடையாறில் படுக்கையை விட்டு எழுந்திருக்க மனமில்லாதவர்களும் அதில்தான் பூசை காண்கிறார்கள்.

பவுல்சாமி ஊடகப் பணிக்குழுவின் செயலாளர். பணிக்குழுவில் வேறு யாரும் இல்லை என்பதால் தலைவர், உறுப்பினர், கோரம் எல்லாம் அவரே. ஓய்வு பெறுவதற்கு முன்னால் முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகம் ஒன்றில் கட்டடங்களின் காற்றோட்டம் சம்பந்தப்பட்ட கோப்புகளில் கையெழுத்துப் போட்டவர். "காற்று எப்படிப் போகும்னு எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?" என்று கேட்பார். கோப்பு எப்படிப் போகும் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். காற்றுக்கு அந்த நடைமுறைகள் தெரியாது.

மே மாதத்தில் ஒரு நாள், பிரசங்கத்தின் நடுவில் கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் தானாக அணைந்துவிட்டது. பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைக் கம்ப்யூட்டரின் நல்ல குணமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பவுல்சாமி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் பொருத்திக் கொடுத்த ஃபேன்களைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாக ஆறு ஃபேன் போடுவதென்று முடிவு செய்தார். ஃபேனுக்கு ஒரு குடும்பம் அன்பளிப்பு. யார் யாருக்கு எந்த இடம் என்று பட்டியல் தயாரித்து, பங்குத்தந்தையிடம் கையெழுத்து வாங்கி, நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். முன்பக்கம் மூன்று, அதில் நடுநாயகமாகப் பவுல்சாமி குடும்பத்தினர். மேலே இரண்டு. பின்பக்கம், சுவரைப் பார்த்த மாதிரி, ஒன்றே ஒன்று. அது ஆரோக்கியமேரிக்கு. ஆரோக்கியமேரி கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மீன் வறுத்து விற்பவள். பவுல்சாமியின் வரைபடத்தில் கேபினெட்டின், அதாவது கம்ப்யூட்டர் பெட்டியின், பின்பக்கம் என்பது கோவிலின் கடைசி பெஞ்சு.

ஒவ்வொரு ஃபேனின் நடுக் குமிழிலும் தங்க எழுத்தில் 'அன்பளிப்பு: இன்னார் குடும்பத்தினர்' என்று வட்டமாக ஒரு ஸ்டிக்கர். கொடுத்தவர் பெயர் கோவிலுக்கு வருகிறவர்களுக்குத் தெரியாவிட்டால் கொடுத்து என்ன புண்ணியம்? ஆகவே ஆறு ஃபேனையும் முகம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினார். ஸ்டிக்கர் பளபளத்தது. ஃபாதர் தீர்த்தம் தெளிக்க வந்தபோது, "உள்ளே கரண்ட் இருக்கு ஃபாதர்" என்று பவுல்சாமியே தடுத்தார். அந்த விவகாரம் முழுவதிலும் அவர் செய்த ஒரே சரியான தொழில்நுட்பக் காரியம் அதுதான்.

விளைவு, போன ஞாயிறு தெரிந்தது. ஆறு ஃபேனும் முழு வேகத்தில் அலறின. "ஃபாதர் ஹெலிகாப்டர்லேர்ந்து பூசை வைக்கிறாரா?" என்று குவைத்திலிருந்து ஒருவர் எழுதினார். இவ்வளவு அலறியும், ஜனங்கள் அப்பம் வாங்க வரிசையில் நிற்கும் நன்மை நேரத்தில் கம்ப்யூட்டர் மறுபடியும் சூடாகி அணைந்தது.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் புதிய அறிக்கை: 'இரைச்சலானது பாடகர் குழுவின் ஒலிவாங்கி வழியாகவே நேரலைக்குள் நுழைவது ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே வரும் ஞாயிறு பங்குத் திருவிழாப் பூசையில் மேற்படி ஒலிவாங்கி அணைக்கப்பட்டு, பதிவு செய்யப்பட்ட பாடல்கள் ஒலிபரப்பப்படும்.'

மர்சலின் அதை இரண்டு தடவை படித்தாள். நாலு மாதமாகப் பதினோரு பேரை வைத்துத் திருவிழாவுக்கென்று ஒரு பாட்டு பழக்கிக்கொண்டிருந்தாள். அவளே மெட்டுப் போட்டது. மூன்றாவது சரணத்தில் கீபோர்டு, தபேலா எல்லாம் நின்றுவிடும். பதினோரு குரலும் கிசுகிசுப்பு மாதிரி இறங்கி வரும். அப்புறம் நாலு தட்டு மௌனம். அந்த நாலு தட்டில் யாரும் இருமாமல் இருக்க மட்டுமே மூன்று வாரம் பயிற்சி நடந்திருந்தது. பதினோரு பேரில் ஏழு பேரின் பிள்ளைகள் வெளிநாட்டில். நேரலையில் பெற்றவர்களின் குரலைக் கேட்கக் காத்திருந்தார்கள்.

நேராக ஃபாதரிடம் போனாள். ஃபாதர் நல்லவர். அதனாலேயே பவுல்சாமிக்குப் பயந்தவர்.

"சத்தம் நின்னுட்டா மைக் இருக்கட்டுமேம்மா. எனக்கென்ன?" என்றார். "சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு நான் வந்து காது குடுத்துக் கேக்கிறேன். சத்தம் இருந்துச்சுன்னா, அவர் சொன்ன மாதிரிதான்."

மர்சலின் கச்சேரி ரோட்டுக்கு நடந்தாள். அங்கே நூர் முஹம்மதுவின் ஜெராக்ஸ் கடை. கடையின் பின்பாதியில், திறந்து போட்ட கம்ப்யூட்டர்களுக்கு நடுவே, அவர் மனைவி ஜஹீதா உட்கார்ந்திருப்பாள். மயிலாப்பூரில் பழுதான கம்ப்யூட்டர்களில் பாதி அவள் கைக்குத்தான் வந்து சேரும். மர்சலினும் அவளும் கான்வென்ட்டில் ஒன்பதாவது 'பி'யில் ஒரே பெஞ்சு. வயது இருவருக்கும் ஐம்பத்திரண்டு. சண்டை போடும்போது மட்டும் பதினாலு.

"இன்னாடி, பதினோரு பேர் பாடறதை ஒரு ஃபேன் அமுக்கிடுச்சா?" என்றாள் விஷயம் ஏற்கெனவே காதில் விழுந்திருந்த ஜஹீதா, தலை நிமிராமல்.

"ஒண்ணு இல்லடி. ஆறு."

ஜஹீதா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "ஆறா? கம்ப்யூட்டருக்கா, கல்யாண மண்டபத்துக்கா?"

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வந்தாள். பவுல்சாமி ஏற்கெனவே வந்து, இஸ்திரி போட்ட சட்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு, ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் போல நின்றிருந்தார்.

"வெளியார் கை வைப்பதற்கு முன்னால் நானே இயக்கிக் காட்டுகிறேன்" என்றார். மேடைத் தமிழில்தான் அவர் கோபப்படுவார்.

பட்டனை அமுக்கினார். ஆறு ஃபேனும் எழுப்பிய இரைச்சலில் பலிபீடத்துத் திரை அசைந்த மாதிரி இருந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. பவுல்சாமி ஒரு விரலை உயர்த்தி, எஃப் ஒன் பட்டனைப் பதவிப் பிரமாணம் எடுக்கிறவர் மாதிரி அழுத்தினார். எச்சரிக்கை மறைந்தது.

"அது இன்னா சார், இப்ப அமுக்கினீங்களே?"

"அது வழக்கமான நடைமுறை. இயந்திரம் அனுமதி கேட்கும். நாம் அளிக்க வேண்டும்."

"ப்ராசஸர் மேல உக்காந்திருக்கற ஃபேனைக் காணோம்னு அது கத்துது சார். தினம் கத்துதா?"

"ஒவ்வொரு ஞாயிறும்."

"நீங்க ஒவ்வொரு ஞாயிறும் அது வாயைப் பொத்தறீங்க." ஜஹீதா மர்சலினைப் பார்த்தாள். "ஏண்டி, இந்தக் கோவில்ல சாம்பிராணி இருக்கும் இல்ல?"

சாம்பிராணி இல்லாத கோவிலா? மர்சலின் பீடத்துக்குப் பக்கத்து சக்ரீஸ்து அறைக்குப் போய், காலையில் பயன்படுத்திய தூபக் கலசத்தில் இரண்டு கங்கு போட்டு, மேலே ஒரு சிட்டிகை தூவி எடுத்து வந்தாள். பவுல்சாமிக்கு முகம் சுருங்கியது.

"இதற்கெல்லாம் மந்திரிப்பதா?"

"பேய் ஓட்ட வரல சார். காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு கண்ணால பாக்கணும். ரெண்டே நிமிஷம்" என்றாள் ஜஹீதா. கலசத்தை வாங்கி முன்பக்கம் பிடித்தாள். புகை வளைந்து மூன்று ஃபேன் வழியாகவும் உள்ளே போனது. மேலே பிடித்தாள். உள்ளே போனது. மேஜையைச் சுற்றிப் போய்ப் பின்னால் பிடித்தாள். அதுவும் உள்ளேதான் போனது.

"பார்த்தீர்களா! ஆறும் செயல்படுகின்றன!" என்றார் பவுல்சாமி.

கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குள்ளே புகை போக இடம் இல்லாமல் சுழன்று, அங்கங்கே இருந்த சந்துகளில் மூக்கால் அழுகிற மாதிரி கசிந்தது. கண்ணாடியில் கை வைத்த மர்சலின் கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"சார், 29சி பஸ்ல போயிருக்கீங்க இல்ல?" என்றாள் ஜஹீதா. "லஸ்ல ஏறறாங்க, அடையார்ல ஏறறாங்க, எல்லா ஸ்டாப்பிலயும் ஏறிக்கினே கீறாங்க. ஒருத்தர் கூட இறங்கல. இன்னா ஆவும்? அதான் இங்க. உள்ள போற காத்து ஆறு வாசல்லயும் போவுது. சூட்டைத் தூக்கினு வெளிய வர்றதுக்கு ஒரு வாசல் இல்ல."

"காற்று தானே வழி கண்டுபிடிக்கும். அது இயற்பியல்."

"கண்டுபுடிச்சா போன ஞாயித்துக்கிழமை ஏன் சார் நின்னுபோச்சு?"

மெஷினை நிறுத்தி, மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு ஃபேனை எடுத்து மர்சலினிடம் காட்டினாள். ஒரு பக்கம் வழவழவென்று இறக்கைகளும் நடுவில் குமிழும். அதுதான் முகம். மறுபக்கம் மோட்டாரைத் தாங்க நாலு குறுக்குக் கம்பிகள். காற்று முகத்து வழியாகப் போய்க் கம்பிப் பக்கமாக வெளியே வரும். விளிம்பில் அம்புக்குறியே போட்டிருந்தது. பவுல்சாமி முகத்தை வெளியே வைத்தார் என்றால், காற்றை உள்ளே தள்ளச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம்.

"முன்னாடி மூணும் உள்ள இழுக்கட்டும், சரி. மேல ரெண்டும் பின்னாடி ஒண்ணும் திரும்பி வெளிய தள்ளணும். அப்புறம் இத்த பாரு." உள்ளே ஒளிந்திருந்த ஒரு கறுப்புப் பெட்டியைத் தட்டினாள். ஆறு ஃபேனும் ப்ராசஸர் ஃபேனும் சேர்த்து ஏழு வயரும் அதில்தான் போய் முடிந்தன. "எல்லாத்தையும் இதுல குத்தி, இத்த நேரா கரண்டுல குத்திட்டாரு. போர்டுக்கும் ஃபேனுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. சூடு இருந்தாலும் இல்லாங்காட்டியும் ஃபுல் ஸ்பீடு. மதர்போர்டுல ஒவ்வொண்ணுக்கும் நாலு ஊசி வெச்ச இடம் கீது. அங்க மாட்டினா, சூட்டைப் பாத்து வேகத்தை அது பாத்துக்கும்."

பவுல்சாமி இதுவரை பொறுத்திருந்தார். பொறுமை தீர்ந்தது.

"வயரை எங்கு வேண்டுமானாலும் மாட்டுங்கள். ஃபேனைத் திருப்ப நான் சம்மதிக்க மாட்டேன்."

"ஏன் சார்?" என்றாள் மர்சலின்.

"திருப்பினால் அன்பளிப்பாளர் பெயர் உள்ளே போய்விடும். மூன்று குடும்பம். நான் என்ன பதில் சொல்வேன்? நாளை திருவிழாவுக்கு அவர்களுடைய உறவினர் எல்லாம் பெயரைப் பார்க்க வருகிறார்கள். நோட்டீஸில் வெளியான விஷயம் இது."

"பேரு தெரியணும்னு கம்ப்யூட்டரைக் கொளுத்தப் போறீங்களா?"

"மரியாதை என்று ஒன்று இருக்கிறது, அம்மா!"

மணி நாலேகால். ஜஹீதா வயர்களை மட்டும் மாற்றினாள். ப்ராசஸர் ஃபேனை அதற்குரிய இடத்தில் குத்தினாள். மற்ற ஆறையும் போர்டில் அதனதன் இடத்தில் குத்தினாள். கண்ணாடியை மாட்டி இயக்கியபோது எச்சரிக்கை வரவில்லை. பவுல்சாமியின் விரல் எஃப் ஒன்னுக்காக உயர்ந்து, வேலை இல்லாமல் இறங்கியது. ஃபேன்கள் அமைதியாகத் தொடங்கின. மர்சலினுக்கு உயிர் வந்தது. நேரலையைப் போலவே ஒரு ஒத்திகை ஓட்டிப் பார்த்தார்கள். எட்டாவது நிமிடத்தில் உள்ளே சூடு எண்பதைத் தாண்டியது. ஃபேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரலெடுத்தன. பத்தாவது நிமிடம், பழைய மாவு மில்.

"நான் சொன்னேன்ல" என்றாள் ஜஹீதா. "திருப்பாம ஒண்ணும் நடக்காது. நீ அந்தாளைப் பாத்துக்கோ. நான் டீ குடிச்சுட்டு வரேன்."

ஓடிக்கொண்டிருந்த கேபினெட்டின் முன்னால் மர்சலின் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நாலு மாதம். பதினோரு பேர். இருமலை அடக்கப் பழகிய தபேலாக்கார ஜாக்சன். எல்லாம் ஆறு ஸ்டிக்கருக்கு முன்னால் தோற்கப்போகிறது. கோபத்தில் நடு ஃபேனை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவள், கழுத்தைச் சாய்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"சார், கொஞ்சம் இப்படி வாங்க. இந்த நடு ஃபேன்ல இன்னா எழுதியிருக்குன்னு படிங்க."

"பவுல்சாமி குடும்பத்தினர். இது என்ன கேள்வி?"

"மனசுல இருக்கறதைச் சொல்லாதீங்க. கண்ணால பாத்துப் படிங்க."

பவுல்சாமி குனிந்தார். கிட்டே போனார். எட்டி நின்றார். ஃபேன் ஓடும்போது குமிழும் சேர்ந்துதான் சுற்றும். குமிழில் இருந்த தங்க எழுத்துகள் ஒரு மஞ்சள் வட்டமாகக் கரைந்து போயிருந்தன. பூசை நடக்கிற ஒன்றரை மணி நேரமும் கம்ப்யூட்டர் ஓடும். பூசை முடிந்து அதை அணைக்கும்போது, படிக்க வேண்டியவர்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

"இப்ப கண்ணாடிக்குள்ள பாருங்க. கம்பிப் பக்கம். நடுவுல கம்பெனிக்காரன் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான், தெரியுதா?"

தெரிந்தது. எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. கம்பிகள் தாங்குகிற அந்தப் பக்கம் சுற்றுவதில்லை; ஃபேன் தலைதெறிக்க ஓடினாலும் அது பேசாமல் நிற்கும்.

"திருப்பிப் போட்டா அந்தப் பக்கம்தான் சார் வெளிய வரும். அதும்மேல பேரை ஒட்டிட்டா, ஓடும்போதும் படிக்கலாம்."

பவுல்சாமி குனிந்தபடியே சட்டைப் பேனாவைத் தடவினார். கோப்பு திரும்பி வந்துவிட்ட முகம். நிமிர்ந்தபோது குரல் பழையபடி இருந்தது.

"இதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

டீ குடித்துவிட்டு வந்த ஜஹீதா, மெஷினை நிறுத்தி, மேலே இரண்டையும் பின்னால் ஒன்றையும் கழற்றித் திருப்பி மாட்டினாள். மூன்று ஸ்டிக்கரையும் உரித்துக் கம்பிப் பக்கத்துக்கு மாற்றினாள். முன்பக்க ஸ்டிக்கர்களில் இரண்டு, நடுவை விட்டு ஒதுங்கி ஒட்டியிருந்ததால் ஃபேன் ஆடியது. அவற்றையும் உரித்து, அளவெடுத்து, நடுவில் ஒட்டினாள். பவுல்சாமி ஒரு சுற்று நடந்து பார்த்தார். பின்பக்கம் வந்ததும் கால் நின்றது. அங்கே ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, 'அன்பளிப்பு: ஆரோக்கியமேரி குடும்பத்தினர்' என்று ஒவ்வொரு புள்ளியும் தெரிய எழுத்துகள் ஜொலித்தன. முன்பக்கம் ஓடினார். அங்கே மஞ்சள் வட்டம்.

"முன்னால் இருப்பதையும் திருப்பிவிடுங்களேன்."

"அப்ப ஆறும் வெளிய தள்ளும். உள்ள வர காத்து ஏது? பழைய கதைதான், தலைகீழா."

பவுல்சாமி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அப்படியானால் இடத்தை மாற்றலாம். நான் பின்பக்கம் போய்க்கொள்கிறேன். ஆரோக்கியமேரி முன்னால் வரட்டும். நமக்கு எதற்கு முதலிடம்? தாழ்மையாகக் கடைசியில் இருந்துவிட்டுப் போகிறேன்."

கோவில் வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்ய ஆரோக்கியமேரி கூடையோடு வந்திருந்தாள். கடைசி வார்த்தைகள் மட்டுமே காதில் விழுந்தாலும், பவுல்சாமியைத் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும்.

"இன்னா சார், எனக்கு முன்னாடி சீட்டா?" என்றபடி வந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "யம்மா! எம் பேரு எப்டி ஜொலிக்குது பாரு! ஓடிக்கினே கீது, பேரும் தெரியுது!"

"அதுதான் அம்மா, உங்களை முன்னால் உட்கார வைக்கலாம் என்று..."

"வேணாம் சார். நமக்கு இன்னாத்துக்கு அந்தப் பெருமை? முன்னாடி நடுவுல நீங்க, பின்னாடி நானுன்னு நீங்கதானே போர்டுல ஒட்னீங்க. ஃபாதர் கையெழுத்து வேற கீது. சாமியாரு போட்ட கையெழுத்தை அழிக்கறது பாவம் இல்லியா?"

தான் ஒட்டிய நோட்டீஸை எதிர்த்து மேல்முறையீடு செய்ய பவுல்சாமிக்கு விதிகளில் இடம் இருக்கவில்லை.

மணி ஐந்து. வேகம் எவ்வளவு என்று தீர்மானிப்பதுதான் பாக்கி. ஜஹீதா திரையில் ஒரு கோட்டைக் கொண்டுவந்தாள். சூடு ஏற ஏற ஃபேன் வேகம் எப்படி ஏற வேண்டும் என்று சொல்கிற கோடு. அதில் புள்ளிகளை இழுத்து இழுத்து வைக்கலாம்.

"எல்லாம் நூறு சதவீதம் வையுங்கள். முழு வேகம், முழுப் பலன்" என்றார் பவுல்சாமி.

"முழு வேகத்துல பேசினா மட்டும் கேக்கறவங்களுக்குப் புரிஞ்சுடுதா சார்?" என்று சொல்லிவிட்டு ஜஹீதா மர்சலின் பக்கம் திரும்பினாள். "நீ கண்ணை மூடிக்கோ. நான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறேன். எங்க தொல்லை ஆரம்பிக்குதுன்னு சொல்லு."

மர்சலின் கண்ணை மூடினாள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கடற்கரைப் பக்கம் ஜன்னலைத் திறந்த மாதிரி மெல்லிய காற்று. அப்புறம் அதற்குள் ஒரு ரீங்காரம்.

"நிறுத்து. இந்த இடத்துல ஒரு சுதி வருது. எங்க பாட்டுச் சுதிக்கு அரை சுரம் மேல கெடக்கு... இல்ல, கால். அதுதான் இன்னும் மோசம். பாடறவங்களை இழுத்துக்கினு போயிடும்."

"ஃபேனுக்கு சுதியா? அல்லா!" ஜஹீதா புள்ளியைக் கீழே இழுத்தாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"இப்ப இருக்கா இல்லையான்னே தெரியல."

"நாப்பத்தஞ்சு சதவீதம்" என்று படித்தாள் ஜஹீதா. "எழுபது டிகிரி வரைக்கும் இதுக்கு மேல போவ வேணாம். அதுக்கு மேல போனா மட்டும் ஏறட்டும். இன்னொண்ணு. சூடு ஒரு செகண்டு ஏறினதும் சட்டுனு கத்தக் கூடாது. பத்து செகண்டு பாக்கணும். நெஜமாவே சூடுதானா, இல்ல சும்மா ஒரு வேகமான்னு யோசிச்சுட்டு அப்புறம் கத்தணும். அந்த டைமும் வெச்சுட்டேன்."

"அப்படி வைக்க முடியுமா?"

"கம்ப்யூட்டருக்கு முடியும்" என்றாள் ஜஹீதா, பவுல்சாமியைப் பார்க்காமல்.

அரை மணி நேரம் ஒத்திகை ஓடியது. சூடு ஏறி ஏறி அறுபத்தாறில் போய் நின்றது. பின்பக்கம் கையை நீட்டினால் வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி சூடான காற்று வெளியே வந்தது. ஆரோக்கியமேரி தன் பெயருக்கு முன்னால் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். "எம் ஃபேன்தான் மொத்தச் சூட்டையும் வெளிய தள்ளுது, பாத்தியா? முன்னாடி கீறவங்க சும்மா உள்ள இழுத்துக்கறதோட சரி."

ஆறு மணிக்கு ஃபாதர் வந்தார். கேபினெட்டுக்கு எதிரில் நின்று காதைக் கூர்மையாக்கினார்.

"போட்டுக் காட்டுங்க. கேட்டுப் பாக்கலாம்."

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு ஃபாதர்" என்றாள் மர்சலின்.

ஃபாதர் இன்னும் குனிந்தார். முன்பக்கம் மஞ்சள் வட்டங்கள் சுற்றுவதைப் பார்த்து நிமிர்ந்தார். "மைக் இருக்கட்டும்" என்றார். நல்லவர்களுக்கும் சில நேரம் ஒரே வார்த்தையில் முடிவு சொல்ல வந்துவிடுகிறது.

ஜஹீதா கிளம்பும்போது ஆரோக்கியமேரி அவள் பையில் பொட்டலம் ஒன்றைத் திணித்தாள். வஞ்சிரம் வறுவல், வீட்டுக்கு. அரை மணியில் நோட்டீஸ் போர்டில் பழைய அறிக்கை கிழிக்கப்பட்டுப் புதியது வந்தது: 'ஊடகப் பணிக்குழுவின் இடையறாத முயற்சியின் பலனாக இரைச்சல் முற்றிலும் ஒழிக்கப்பட்டது.' மர்சலின் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, கீழே தளர்ந்திருந்த ஒரு மூலையை நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிறு கோவில் நிறைந்து, வாசல் பந்தலும் நிறைந்தது. நன்மை எடுத்த பிறகு பாட்டு. மூன்றாவது சரணத்தில் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். ஜாக்சனின் விரல்கள் தபேலாவின்மேல் அப்படியே படிந்தன. பதினோரு குரல் இறங்கி, இறங்கி, ஓய்ந்தது.

ஒன்று. எங்கேயோ ஒரு காக்கை. இரண்டு. பந்தலில் ஒரு குழந்தையின் கொலுசு. மூன்று. மெயின் ரோட்டில் ஒரு பஸ். நாலு.

பாட்டு மறுபடி எழுந்தபோது மர்சலினுக்கு முதுகில் காற்று பட்ட மாதிரி சிலிர்த்தது. பக்கத்தில் கேபினெட் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேரலைக்குக் கீழே வந்த வரிகளை ஜாக்சன் அப்புறம் போனில் படித்துக் காட்டினான். குவைத்துக்காரர் எழுதியிருந்தார்: 'நடுவுல சட்டுனு ஒண்ணுமே கேக்கல. நெட்டு போச்சுன்னு போனைத் தட்டப் போனேன். அப்பதான் காக்கா கத்திச்சு.' அந்த மௌனத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்குமென்று மர்சலினுக்குத் தோன்றவில்லை.

பூசை முடிந்ததும் கேபினெட்டின் பின்பக்கம் கூட்டம். ஆரோக்கியமேரியின் சொந்தபந்தம் பட்டுப்புடவையும் மல்லிகையுமாக, சுவருக்கும் மேஜைக்கும் நடுவே இருந்த ஒன்றரை அடிச் சந்தில் வரிசையாக நுழைந்து, ஓடுகிற ஃபேனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். "தள்ளி நில்லு, காத்தை மறைக்காத" என்று ஆரோக்கியமேரி ஒழுங்கு செய்தாள்.

முன்பக்கம் தாராளமாக இடம் இருந்தது. அங்கே பவுல்சாமி தனியாக நின்றார். சென்னைக்கு வந்திருந்த மைத்துனர் குடும்பத்திடம், "கொஞ்சம் பொறுங்கள், அணைத்ததும் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மைத்துனருக்குப் பசி. விருந்துக் கூடத்திலிருந்து பிரியாணி வாசனை வந்ததும், "அப்புறம் பாக்கறோம் மச்சான்" என்று எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் மர்சலின் கம்ப்யூட்டரை அணைத்தாள். ஃபேன்கள் தளர்ந்தன. நடு ஃபேனில் மஞ்சள் வட்டம் உடைந்து, எழுத்துகளாகி, இன்னும் ஒரு சுற்று, அரைச் சுற்று, கால் சுற்று வந்து நின்றது. பவுல்சாமி ஆவலோடு குனிந்தார்.

பெயர் தலைகீழாக நின்றிருந்தது.

அவர் கழுத்தை வளைத்தார், இடுப்பை வளைத்தார், அந்த வயதில் அதற்குமேல் வளைய முடியவில்லை. மர்சலினுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. நேற்று வந்திருந்தால் சிரித்திருப்பாள். இன்று அவள் பாட்டு பாடி முடித்தவள். பாட்டுப் புத்தகத்தில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, முன்பக்க வலையின் ஒரு துளை வழியாக விட்டு, ஃபேனின் இறக்கையை மெதுவாகத் தள்ளினாள். எழுத்துகள் அரைவட்டம் நகர்ந்து நேராக வந்தன.

"சரியா இருக்கா சார்?"

பவுல்சாமி இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளும்மா" என்றார்.